ஒட்டுப் போட்ட இருக்கை

மனிதன் செய்த பொருள் எதுவும் தேயாமல் இருப்பதில்லை. வரப்பு கரைகிறது, மதகுப் பலகை உளுத்துப் போகிறது, கூரை ஒழுகுகிறது, ஓதி ஓதிப் பழகிய கிதாபின் முதுகுத் தோல் விரிகிறது. தேய்ந்ததை எறிந்துவிடாமல் செப்பனிட்டு வைத்துக்கொள்வது வறியவரின் கட்டாயம் மட்டுமன்று. அது ஒரு நற்பண்பும் ஆகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் பாதணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். ஆகவே பழுது பார்க்கலாமா என்பது நம்மிடையே ஒரு கேள்வியே அன்று. எப்படிப் பழுது பார்ப்பது, பார்த்த பின் அதைப் பற்றி என்ன சொல்வது என்பவையே கேள்விகள். முதலாவது கைத்தொழிலைச் சேர்ந்தது. இரண்டாவது ஈமானைத் தொடுவது.

இதனை ஒரு மஸ்அலாவாக வைத்துப் பார்ப்போம். காவிரிக் கரையில் உள்ள குத்தாலத்தில் ஒருவர் குஷன் கடை வைத்திருக்கிறார் எனக் கொள்வோம். டிராக்டர் இருக்கையும் வேன் இருக்கையுமே அவருடைய அன்றாட வேலை. அறுவடைக்குப் பின் கையில் நாலு காசு புழங்கும் நாட்களில் வேலை மிகும், மழைக்காலத்தில் குறையும். அவரிடம் ஒரு நாள் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்றின் இருக்கை வந்து சேர்கிறது. ஆபிங்டன் நகரில் 1950-களில் செய்யப்பட்ட எம்.ஜி. வகை, இருவர் மட்டுமே அமரக் கூடிய பந்தயக் கார். ஓட்டுநர் இருக்கையின் தோல் ஒரு சாண் நீளம் கிழிந்திருக்கிறது. உள்ளிருக்கும் திணிப்பு இடிந்து போயிருக்கிறது. உரிமையாளர் சொல்கிறார்: “பாய், தையல் கண்ணுக்கே தெரியக் கூடாது. அடுத்த மாதம் விற்கப் போகிறேன். ஒரு தடவைகூடக் கிழியாத இருக்கை என்று வாங்குகிறவர் நம்ப வேண்டும்.” கூலி வழக்கத்தைப் போல் மும்மடங்கு. பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம். அந்தத் தொழிலாளி என்ன செய்வது?

இப்படிப்பட்ட கார்கள் நம் நாட்டுக்கு அந்நியமானவை அல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950-களிலிருந்து பல்லாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பாதை அமைந்தது. சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரிக்கப்பட்டது. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை ஆதாரமாகக் கொண்டுதான் இங்கிலாந்தில் 1962-இல் ஸ்பிட்பயர் என்னும் பந்தயக் கார் பிறந்தது. கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைக் குடும்பம் குடும்பமாகச் சென்று பார்க்கிறார்கள். பழைய காருக்குப் பழமையே விலை. ஆகவே அதன் பழமையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் விலை பெற்ற சொல்லாகி விடுகிறது.

தீர்ப்புச் சொல்லுமுன் பொருளை அறிய வேண்டும். பொருளை அறியாதவன் கூறும் ஃபத்வா காற்றில் எழுதிய எழுத்தாகும். எனவே அந்த இருக்கையைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

இருக்கையின் அடியில் மரமோ இரும்போ ஆன சட்டம். அதன் மேல் இழுத்துக் கட்டிய நாடா அல்லது ஸ்பிரிங். அதற்கு மேல் சாக்குத் துணி. பிறகு திணிப்பு: குதிரை மயிரோ, நாரோ, ரப்பர் நுரையோ. எல்லாவற்றுக்கும் மேலே தோல். டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தை செய்தது 1929-இல். ஜெர்மானியரின் பழைய வோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் கார்களில் ரப்பர் தோய்த்த தேங்காய் நார் திணிக்கப்பட்டது. நம் கடற்கரைத் தென்னையின் நார் எங்கோ ஒரு சீமாட்டியின் இருக்கைக்குள் இருந்ததை அவர் அறிந்திருக்க மாட்டார்.

தோலின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குக் கப்பல் கப்பலாகச் சென்ற காலம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, திண்டுக்கல் முதலிய ஊர்களில் நம் சமுதாயத்தார் பலர் தோல் ஷாப்பு வைத்து வாழ்ந்தனர். அத்தோல்கள் காலணியாகவும் நூல் மேலட்டையாகவும் பையாகவும் உருப்பெற்றன.

ஈண்டுக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்து இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் உடல் படும் முகப்புக்கு மட்டுமே உண்மைத் தோல். பக்கங்களும் பின்புறமும் தோலைப் போலத் தோன்றும் பூச்சுத் துணி. நாம் ரெக்சின் என்று சொல்லுகிறோமே, அந்த இனம். எனவே “முதலில் இருந்தபடியே” என்று நாம் போற்றுகின்ற பொருளிலேயே அசலும் போலியும் அருகருகே தைக்கப்பட்டிருந்தன. தயாரித்தவர் அதைத் தம் விவரப் புத்தகத்தில் சொல்லியிருந்தால் அது ஏமாற்று ஆகாது, சிக்கனம் ஆகும். ரெக்சினைத் தோல் என்று சொல்லி விற்றிருந்தால் அதே தையல் மோசடி ஆகிவிடும். பொருள் ஒன்றே, அதைப் பற்றிய சொல்தான் வேறு. நம் மஸ்அலாவின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இனி அடுத்த வினா. கிழிந்த தோலை மாற்றி, இடிந்த திணிப்பை மாற்றி, துருப்பிடித்த ஸ்பிரிங்கையும் மாற்றிய பின், அது அதே இருக்கைதானா? இவ்வினா தத்துவ நூல்களில் பழையது. ஆயினும் நீதிமன்றம் ஏறிய வரலாறும் அதற்கு உண்டு. பென்ட்லி நிறுவனத்தின் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் கார் 1929-இலும் 1930-இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிர் துறந்தார். கார் வேறு உருவில் மறுபடி கட்டப்பட்டது. பின்னும் பல மாற்றங்கள். 1990-இல் அதனை ஏறத்தாழ ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அன்று என்று கூறி வாங்க மறுத்தனர். வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. முதற் பந்தயத்தில் ஓடிய உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பதை நீதிபதி ஆட்டன் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அந்தக் காரின் வரலாறு இடையில் அறுபடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதே காருக்கு நேர்ந்த மாற்றம். அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் இல்லை என்று கண்டு, விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இத்தீர்ப்பு புதுமையாகத் தோன்றாது. ஒரு ஹதீஸை நாம் ஏற்பது எதனால்? அதனை முதலில் செவியுற்ற காதுகள் மண்ணோடு மண்ணாகி விட்டன. நம் கைக்கு வந்திருப்பது சொல்லும், அச்சொல்லுக்குப் பின்னே நிற்கும் ஸனது என்னும் சங்கிலியுமே. இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற கண்ணி அறுபடாமல் இருப்பின் அதனைக் கொள்கிறோம். பென்ட்லியைக் காத்ததும் ஒருவகை ஸனதுதான். எந்த ஆண்டில் எந்த உறுப்பு மாறியது என்பது அறியப்பட்டிருந்தது; அறியப்பட்டிருந்தபடியால் மாற்றமே வரலாறாயிற்று.

இவ்விடத்தில் நம் ஆலிம்கள் ஒரு சொல்லை இரு துறைகளில் வழங்கியிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ‘தத்லீஸ்’ என்பது அச்சொல். இருள் என்றும், ஒளியோடு இருள் கலந்த நிலை என்றும் பொருள்படும் ‘தலஸ்’ என்பதிலிருந்து வந்தது. வணிகச் சட்டத்தில், விற்கும் பொருளின் குறையை மறைத்து நல்லதாகக் காட்டுவது தத்லீஸ். பால் கறக்காமல் பல வேளை விட்டு, மடி பெருத்த மாடு என்று சந்தையில் நிறுத்துவது இதன் பழைய உதாரணம். ஹதீஸ் கலையில், தான் நேரில் கேளாததைக் கேட்டதைப் போல மயங்கும்படி அறிவித்து, நடுவில் இருந்த கண்ணியை மறைப்பதும் தத்லீஸ். இரண்டிலும் சொன்ன சொல் பொய்யாக இராமலே போகலாம். சொல்லாமல் விட்டதே கேட்பவனை இருட்டில் நிறுத்துகிறது. மறைத்துத் தைத்து, “கிழியவே இல்லை” என்று நம்ப விடுவது இவ்விரு பொருளிலும் தத்லீஸ் ஆகிறது: குறையும் மறைகிறது, வரலாற்றின் கண்ணியும் மறைகிறது.

மதீனாவின் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி நம் பிள்ளைகளும் அறிந்தது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் சொன்னார். நனைந்தது அவர் குற்றம் அன்று. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததே குற்றமாக எண்ணப்பட்டது. நெல் விளையும் இந்தச் சோழ வளநாட்டில், ஐப்பசி மழையில் களத்து நெல் நனைவதைக் கண்டவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. பழுது இயற்கையின் செயல். மறைப்பு மனிதனின் செயல்.

நம் மஸ்அலாவுக்கு இன்னும் நெருங்கிய விடை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில், பொருளீட்டும் ஒழுக்கங்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. துணியின் கிழிசலைக் கண்ணுக்குத் தெரியாதபடி இழையோட்டித் தைப்பது பற்றி இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. விற்பவர் அதை மறைத்து விற்கக் கூடாது; தைப்பவருக்கோ, உரிமையாளர் அதை வெளிப்படுத்துவார் என்று தெரிந்தாலும், விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று தெரிந்தாலும் அவ்வேலை ஆகுமானது என்பது அவர்கள் தந்த விடையின் கருத்து. குத்தாலத்துக் குஷன் கடைக்கும் பக்தாதின் துணிக்கடைக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கேள்வியோ ஒன்றே.

அதே பகுதியில் மற்றொரு செய்தியும் உண்டு. காலணி செய்பவர் ஒருவர் இப்னு ஸாலிம் என்ற பெரியாரிடம், தம் வியாபாரத்தில் பாவத்திலிருந்து தப்புவது எப்படி என்று வினவுகிறார். இருபுறத்தையும் சமமாகச் செய். வலப்பாதணியை இடப்பாதணியைவிடச் சிறப்பிக்காதே. உள்ளே வைக்கும் திணிப்பை நன்றாக வை. தையலை நெருக்கிப் போடு என்ற கருத்தில் விடை அமைகிறது. ஆன்ம ஈடேற்றம் கேட்டு வந்தவருக்குத் திணிப்பும் தையலும் பதிலாகக் கிடைத்தன. கண்ணுக்குப் படாத திணிப்பில் கலப்படம் செய்யாதவன் கண்ணுக்குப் படும் இடத்தில் தவறிழைப்பது அரிது.

இங்கே சில மறுப்புகள் எழும்.

“நான் கூலிக்குத் தைப்பவன். விற்பவர் அவர், பொய் அவருடையது” என்று தொழிலாளி சொல்லக்கூடும். ஸஹாபிகளில் ஒருவரான வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி இதற்கு விடையாகும். யாரோ ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்துக்கு விற்கிறார். வாங்கியவர் ஓட்டிச் சென்ற பின், அங்கு நின்றிருந்த வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே ஓடி, பயணத்துக்குத்தான் வாங்கினார் என்பதைக் கேட்டறிந்து, அதன் குளம்பில் துளை இருப்பதைச் சொல்லி விடுகிறார்கள். விலையில் நூறு திர்ஹம் குறைகிறது. வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் வருந்துகிறார். வாஸிலா (ரலி) விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், வெறுமனே அறிந்திருந்தவர். அறிவே அவர்கள்மேல் கடமையை ஏற்றியது. வெறுமனே அறிந்தவருக்கே இக்கடமை என்றால், குறையைத் தன் கையால் மூடியவருக்கு எவ்வளவு!

“அப்படியாயின் அழகாகத் தைப்பதே குற்றமா? வேண்டுமென்றே கரடுமுரடாகத் தைக்க வேண்டுமா?” என்றும் கேட்கலாம். அன்று. எதனையும் செவ்வையாகச் செய்வது இஹ்ஸான். கிழிந்த இடத்தின் உட்புறம் மெல்லிய துணி ஒட்டி, விளிம்புகளைச் சேர்த்து, நிறம் கொடுத்து, பழைய தையல் துளைகளிலேயே மீண்டும் நூலோட்டுவது தேர்ந்த கையின் அடையாளம். புதுத் துளைகள் இட்டால் முதிர்ந்த தோல் அந்த வரிசையோடு கிழிந்து போகும். நல்ல தையல் மறைந்தே இருக்கட்டும். செய்தி மறையாதிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. பழஞ்சின்னங்களைக் காப்போர் 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த சாசனமும், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்திருக்க வேண்டும், ஆயினும் வேறு பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களுக்கான அகில உலகக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் அந்த வழியைப் பின்பற்றியதே. நம் கிதாபுகளைப் படியெடுத்த முன்னோர், விடுபட்ட சொல்லை ஓரத்தில் எழுதி, அது திருத்தம் என்பதற்கு அடையாளமும் இட்டு வைத்த வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். திருத்தமும் உண்டு, திருத்தியதன் சாட்சியும் உண்டு.

“எல்லாரும் மறைக்கும் சந்தையில் நான் மட்டும் சொன்னால் பிழைப்பது எப்படி?” என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே கனமானது. இதற்கு எளிய ஆறுதல் சொல்லிவிட நமக்கு மனம் இல்லை. அந்த மும்மடங்குக் கூலி போகத்தான் போகும். உரிமையாளர் மாயவரத்திலோ கும்பகோணத்திலோ வேறு கடையைத் தேடிச் செல்லக்கூடும். நேர்மைக்கு இம்மையிலேயே இலாபம் உண்டு என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையையும் ஒரு வியாபாரமாக ஆக்கிவிடும். சில வேளைகளில் அது நட்டமே. அந்த நட்டத்தைத் தாங்குவதுதான் அமானிதத்தின் விலை.

ஆகவே நாம் வந்து சேரும் முடிவு இது. வந்தவரின் உள்ளத்தைத் துருவி ஆராய வேண்டிய கடமை தொழிலாளிக்கு இல்லை. நல்லெண்ணமே முதல் நிலை. இருக்கையைத் தைத்துத் தரலாம், நேர்த்தியாகவும் தைக்கலாம். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன பொருளால் பழுது பார்க்கப்பட்டது என்று ரசீதில் எழுதித் தருவது அவர் உரிமை. தோலுக்கு அடியில் அதே குறிப்பை ஒரு சீட்டில் எழுதி வைப்பதும் நன்று. மறைப்பதற்காகவே செய் என்று வாய்விட்டுச் சொல்லப்பட்ட இடத்தில், அந்த நிபந்தனையோடு அவ்வேலையை ஏற்பது ஆகாது. ரசீதோடு ஏற்பதாயின் செய்கிறேன், இல்லையேல் இல்லை என்று பணிவாகச் சொல்லி விடலாம். மறைத்து விற்கப்பட்டதை வாங்கியவருக்கோ, குறை தெரிந்ததும் திருப்பிக் கொடுக்கும் ‘கியாருல் ஐப்’ என்னும் உரிமையை ஷரீஅத் வழங்கியிருக்கிறது.

இருக்கை முழுவதற்கும் புதுத்தோல் போட்டு விட்டால் தொல்லை இல்லையே என்று சிலர் எண்ணலாம். புதுத்தோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவால் நீரும் நிலமும் கெட்டதைப் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. இத்தொழிலால் வாழ்ந்த ஊர்களே இத்தொழிலால் குடிநீரை இழந்தன. அன்னை மைமூனா (ரலி) அவர்களைச் சார்ந்த பணிப்பெண்ணின் ஆடு இறந்து கிடந்தபோது, அதன் தோலையாவது பதனிட்டுப் பயன்படுத்தலாகாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இறந்த ஆட்டின் தோலே வீணாகக் கூடாது என்றால், நல்ல நிலையில் இருக்கும் முக்கால் பங்குத் தோலை ஒரு சாண் கிழிசலுக்காகக் குப்பையில் எறிவது எவ்வாறு தகும்? ஒட்டுப் போடுவதே சிக்கனம். ஒட்டைச் சொல்வதே நேர்மை.

இவ்வளவும் ஒரு காருக்காகவா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். பந்தயக் கார் நம்மில் பெரும்பாலோர் வாயிலில் நிற்கப் போவதில்லை. ஆனால் நம் வீடுகளில் நிலம் விற்கப்படுகிறது, மாடு விற்கப்படுகிறது, பழைய மோட்டார் சைக்கிள் கைமாறுகிறது. எல்லாவற்றினும் மேலாகச் சம்பந்தம் பேசப்படுகிறது. வில்லங்கத்தை மறைத்து நிலத்தையும், தீராத நோயை மறைத்து மணமகனையும் முன்னிறுத்தும்போது, குத்தாலத்துத் தொழிலாளியிடம் நாம் எதிர்பார்த்த ரசீதை நாம் எழுதித் தருகிறோமா?

நம் மார்க்கம் இரு கட்டளைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது. சகோதரனின் கடந்த காலக் குற்றத்தை மூடு என்பது ஒன்று. விற்கும் பொருளின் குறையைத் திற என்பது மற்றொன்று. பிறரைப் பாதிக்காத ஒருவரின் பழைய வழுவை நாம் தோண்டக் கூடாது. பிறர் விலை கொடுத்தோ வாழ்வைக் கொடுத்தோ ஏற்கப் போகும் ஒன்றின் குறையை நாம் புதைக்கக் கூடாது. நடைமுறையில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து அண்டை வீட்டாரின் கிழிசல்களை எண்ணுகிறோம். கடையில் உட்கார்ந்து சரக்கின் கிழிசல்களை மூடுகிறோம். எதை மூடுவது, எதைத் திறப்பது என்ற இந்தப் பாகுபாட்டை நம் பிள்ளைகள் கிதாபில் ஓதுமுன், வாசலில் நடக்கும் கொடுக்கல் வாங்கலிலேயே கண்டு பழகட்டும். அடுத்த முறை வீட்டில் எதையேனும் விற்கும்போது, வாங்குபவர் கேட்குமுன் அதன் பழுதை நாமே சொல்லுவோம். பிள்ளைகள் அருகில் இருக்கையில் சொல்லுவோம்.